முடக்கிய பணம் யாருக்குச் சேரும்?

பதவி போனதும் பெட்டியைக் கட்டுவது கொடுங்கோலர்களின் வழக்கம். பிலிப்பைன்ஸ் நாட்டை 20 ஆண்டுகள் ஆண்ட பெர்டினாண்ட் மார்க்கோஸ், 1986-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-ஆம் நாள் இரவு அரண்மனையை விட்டு வெளியேறினார். அமெரிக்க விமானம் அவரை ஹவாய்த் தீவில் இறக்கியபோது, கூட வந்த பெட்டிகளைச் சுங்க அதிகாரிகள் திறந்து பட்டியல் போட்டார்கள். நகைகள் இருந்தன, கட்டுக் கட்டாகப் பெசோ நோட்டுகள் இருந்தன. அதெல்லாம் வழிச்செலவுக்கு எடுத்து வந்த சில்லறைதான். பெரும்பணம் அவருக்கு முன்னதாகவே ஊரை விட்டுப் போயிருந்தது. 1968-ஆம் ஆண்டிலேயே சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் கணவர் 'வில்லியம் சாண்டர்ஸ்' என்றும் மனைவி இமெல்டா 'ஜேன் ரையன்' என்றும் பொய்ப் பெயரிட்டு பாங்குக் கணக்குத் திறந்திருந்தார்கள்.

பால்வெட்டுக்காரனுக்கும் சுவிஸ் பாங்குக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்களில் சிலர் கேட்கலாம். காண்டா வாளி தூக்கித் தோள் காய்த்தவனுக்கு இதில் என்ன அக்கறை என்றும் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. அந்தப் பணத்தில் ஒரு பங்கு தென்னந்தோப்புக் குடியானவனிடம் பிடித்த பணம். அதுமட்டுமன்று, கவிழ்ந்த ஓர் அந்நிய ஆட்சியின் சொத்தைப் பறிமுதல் செய்து பங்கிட்ட கணக்கு ஒன்றில் நம் தோட்டத்து மக்களின் பெயரும் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதைப் பின்னால் சொல்லுகிறோம்.

முதலில் ஒரு வேற்றுமையைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். 'முடக்குதல்' வேறு, 'பறிமுதல்' வேறு. பத்திரிகைகள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகின்றன. தோட்டத்து ஸ்டோருக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை வேறொருவர் வைத்துக் கொண்டால், உள்ளே இருக்கும் ரப்பர் ஷீட்டு இன்னும் பழைய முதலாளியுடையதுதான். அவரால் எடுக்க முடியாது, அவ்வளவே. அது முடக்குதல். ஸ்டோரைத் திறந்து, ஷீட்டை நிறுத்து, பேரேட்டில் உடையவன் பெயரையே மாற்றி எழுதினால் அது பறிமுதல். பூட்டுப் போட ஓர் இரவு போதும். பெயரை மாற்ற எத்தனை ஆண்டு ஆகும் என்பதை மார்க்கோஸ் கதை காட்டுகிறது.

1986 மார்ச் 24-ஆம் நாள், மார்க்கோஸ் கொடுத்த அதிகாரப் பத்திரத்தோடு ஒருவர் சூரிச் பாங்குக்கு வந்து பெருந்தொகையைக் கேட்டார். சேதி பெர்ன் நகருக்கு எட்டியது. மணிலாவிலிருந்து முறையான வேண்டுகோள் வரும் வரையில் காத்திராமல், சுவிஸ் மந்திரிசபை அன்றே மார்க்கோஸ் கணக்குகள் அனைத்தையும் முடக்கிற்று. ஒரு நாள் தாமதித்திருந்தால் பெட்டி காலியாகியிருக்கும். இந்தச் சுறுசுறுப்பை நாம் பாராட்டுகிறோம். பதினெட்டு ஆண்டு அந்தப் பணத்தை வட்டி போட்டுக் காத்தவர்களும் அதே ஊர்க்காரர்கள்தாம் என்பதையும் மறக்கவில்லை.

பிறகு வழக்கு நடந்தது; நடந்துகொண்டே இருந்தது. சுவிஸ் உச்ச நீதிமன்றம் 1997 டிசம்பரில்தான் பணத்தைப் பிலிப்பைன்ஸ் தேசிய பாங்கில் பொதுப் பொறுப்பில் வைக்க அனுமதித்தது. அதற்கும் இரண்டு நிபந்தனைகள்: சொத்து யாருடையது என்பதை முறையான விசாரணை நடத்தி நீதிமன்றமே தீர்மானிக்க வேண்டும், மார்க்கோஸ் ஆட்சியில் வதைபட்டவர்களுக்கு ஈடு செய்வது பற்றிச் சுவிஸ் அரசுக்குத் தெரிவித்து வர வேண்டும். 2003 ஜூலை 15-ஆம் நாள் பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நீதிபதிகள் போட்ட கணக்கு மிக எளியது. நம் கிராணிமார்கள் அதை ரசிப்பார்கள். 1966 முதல் 1986 வரை கணவனும் மனைவியும் வாங்கிய சட்டப்படியான சம்பளத்தைக் கூட்டினார்கள்: 3 லட்சத்து 4 ஆயிரத்து 372 டாலர். பாங்கில் இருந்ததோ முதலில் 35 கோடியே 60 லட்சம் டாலர். வட்டியோடு 65 கோடியே 80 லட்சம். மிச்சம் எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு விடை இல்லை. சொத்து அரசாங்கத்துக்குப் பறிமுதல் ஆயிற்று. பூட்டுப் போட்டதிலிருந்து 17 ஆண்டு.

அரசாங்கத்துக்குச் சேர்ந்தால் மக்களுக்குச் சேர்ந்ததாகுமா? இங்கேதான் நாம் நிதானித்துப் பார்க்க வேண்டும்.

பிலிப்பைன்ஸின் 1988-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம், இப்படி மீட்கும் பணம் நிலமற்ற குடியானவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுக்கும் திட்டத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லிற்று. நல்ல சட்டமே. ஆனால் சிறையில் அடிபட்டவர், பிள்ளையைப் பறிகொடுத்த தாய், தொழிற்சங்கம் நடத்தியதற்காகக் காணாமற் போனவரின் மனைவி ஆகியோருக்கு எதிலிருந்து கொடுப்பது? ஹவாயில் அமெரிக்க நீதிமன்றம் 9,539 பேர் சார்பில் நடந்த வழக்கில் ஏறக்குறைய 200 கோடி டாலர் நஷ்ட ஈடு என்று தீர்ப்பளித்தது 1995-இல். காகிதத்தில் 200 கோடி! கையில் முதன்முதலாக வந்தது 2011-இல், தலைக்கு 1,000 டாலர். குடியானவனுக்கு என்று எழுதி வைத்த பணத்தை வதைபட்டவனும் கேட்க வேண்டியதாயிற்று. இருவரும் ஏழைகள், சட்டி ஒன்று, அகப்பை இரண்டு. மணிலா காங்கிரஸ் 2013-இல் தனிச் சட்டம் இயற்றி, சுவிஸ் பணத்திலிருந்து 1,000 கோடி பெசோவை வதைபட்டவர்களுக்கு என ஒதுக்கிய பிறகே சிக்கல் அவிழ்ந்தது.

75 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மனுப் போட்டார்கள். ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள் 11,103 பேர். பட்ட துன்பத்துக்கு 1 முதல் 10 வரை புள்ளி போட்டார்கள். கொல்லப்பட்டவர்க்கும் காணாமற் போனவர்க்கும் 10. ஒரு புள்ளிக்கு 1 லட்சத்து 76 ஆயிரத்து 779 பெசோ என்று 2018-இல் கொடுத்து முடித்தார்கள். துன்பத்தைப் புள்ளி போட்டு அளப்பதா என்று சிலர் முகம் சுளித்தார்கள். நாம் சுளிக்க மாட்டோம். கை விரல் போனதற்கும் கண் போனதற்கும் சொக்சோவில் வீதம் போட்டுத்தானே கொடுக்கிறார்கள்? வீதம் போட்டாவது கொடுத்தார்களே என்பதுதான் நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

இனித் தென்னந்தோப்புக்கு வருவோம். நம் வாசகர்கள் ஊன்றிப் படிக்க வேண்டிய பகுதி இது.

இராணுவச் சட்டம் நடந்த காலத்தில், 1973 ஆகஸ்டில், மார்க்கோஸ் ஓர் ஆணை போட்டார். விற்கும் கொப்பரை ஒவ்வொரு 100 கிலோவுக்கும் 15 பெசோ வரி. தேங்காய் விலை ஏறி இறங்கும்போது நிலைப்படுத்துவதற்கு என்று காரணம் சொன்னார்கள். பிற்பாடு வரி கூடிற்று, நோக்கங்களும் கூடின. குடியானவர்களுக்குச் சொந்தமாக ஒரு பாங்கு வாங்குகிறோம் என்றார்கள். எண்ணெய் ஆலைகள் வாங்குகிறோம் என்றார்கள். அந்த ஆலைக் கம்பெனிகளின் பணத்தில் சான் மிகேல் என்ற மாபெரும் பீர்க் கம்பெனியின் பங்குகளையும் வாங்கினார்கள். எல்லாம் குடியானவன் பெயரால். நிர்வாகம் மட்டும் மார்க்கோசின் நண்பர்கள் கையில். வரி கட்டியதற்கு ரசீது கொடுத்தது உண்மை. அதைக் காட்டிப் பதிந்து கொண்டால் பாங்கில் பங்கு கிடைக்கும் என்பதும் உண்மை. ஆனால் மலைச்சரிவில் பத்து மரம் வைத்திருந்தவனுக்கு அதை யார் போய்ச் சொன்னார்கள்? ரசீது கூரை இடுக்கில் செல்லரித்தது. அல்லது குப்பைக்குப் போயிற்று. பதியாத ரசீதுகளுக்குரிய பங்குகள் வேறு ஆட்களுக்குப் போய்ச் சேர்ந்தன.

1982-இல் வரி நின்றது. 1986-இல் புதிய அரசாங்கம் பங்குகளை முடக்கிற்று. அதற்குப் பிறகு கால் நூற்றாண்டு வழக்கு. சான் மிகேல் பங்குகளில் ஒரு தொகுதி, 20 சதவீதம், மார்க்கோசின் நண்பர் எடுவர்டோ கோஹுவாங்கோவிடமே இருக்கலாம், அது முறைகேடாகச் சேர்த்தது என்று நிரூபிக்கப்படவில்லை என 2011-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிற்று. மற்றொரு தொகுதி, 24 சதவீதம், பொதுப்பணத்தில் வாங்கியது. தென்னை விவசாயிகளின் நலனுக்காக அரசாங்கம் வைத்திருக்க வேண்டியது என்று 2012-இல் தீர்ப்பாயிற்று. தீர்ப்பு வந்தும் பணத்தைச் செலவிட வழி வகுக்கும் சட்டம் வரவில்லை. அது வந்தது 2021 பிப்ரவரியில். ஐந்தாண்டில் 7,500 கோடி பெசோ பொறுப்பு நிதிக்கு மாற்றப்படும் என்று எழுதினார்கள். வரி பிடித்த ஆண்டு 1973. சட்டம் வந்த ஆண்டு 2021. வரி கட்டிய கிழவர்களில் எத்தனை பேர் அதைப் பார்க்க இருந்திருப்பார்கள்?

மலாயாவிலும் 1952 முதல் ரப்பருக்குச் செஸ் பிடித்து மறுநடவு நிதி சேர்த்தார்கள். செஸ் பிடிப்பது குற்றமென்று நாம் சொல்லவில்லை. அந்த நிதியால் சிறுதோட்டக்காரர் பலர் பழைய மரம் சாய்த்துப் புதுமரம் வைத்தார்கள். ஆனால் எவனுடைய மரத்திலிருந்து பணம் இறங்குகிறதோ அவன் உட்காரும் நாற்காலி ஒன்று கணக்குப் பார்க்கும் மேசையில் இருக்க வேண்டும். பிலிப்பைன்ஸில் அந்த நாற்காலி இல்லை. அதனால்தான் குடியானவன் பீர்க் கம்பெனிக்கு முதலாளி ஆனான், தனக்கே தெரியாமல்.

(இடையில் ஒன்று. 2022-இல் மார்க்கோசின் மகனே பிலிப்பைன்ஸ் அதிபராகிவிட்டார். தகப்பனார் சொத்தைத் தேடிப் பிடிக்க 1986-இல் ஏற்பட்ட கமிஷன், மகனார் அரசாங்கத்தின் கீழ் வந்தது. நாம் இதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.)

முடக்கிய பணம் எப்போதும் திரும்பி வந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். காங்கோவின் மொபுட்டு 1997-இல் வீழ்ந்தபோது சுவிஸ் அரசு அவர் பணத்தையும் முடக்கிற்று. காங்கோ அரசாங்கம் வழக்கைச் சரியாக நடத்தவில்லை, காலம் கடந்தது. 2009-இல் ஏறக்குறைய 77 லட்சம் பிராங்க் அவர் வாரிசுகளிடமே திரும்பிப் போயிற்று. ஹெய்ட்டியின் டுவாலியே, மார்க்கோஸ் ஓடிய அதே மாதம் ஓடியவர். அவர் பணமும் 2010-இல் குடும்பத்தாரின் பக்கம் நழுவப் பார்த்தது. அதைத் தடுக்கவே சுவிஸ் நாட்டார் தனிச் சட்டம் செய்து 2011 பிப்ரவரியில் அமலுக்குக் கொண்டு வந்தார்கள். பணத்தைப் பறிகொடுத்த நாடு வழக்கு நடத்தத் திராணியற்றுக் கிடந்தாலும், அந்தப் பணம் முறையாகச் சம்பாதித்தது என்று நிரூபிக்கும் பாரம் வைத்திருந்தவன் தலையில் விழும். இது நல்ல வழி.

சிங்கப்பூருக்கும் இதில் ஒரு வேலை வந்தது. மார்க்கோஸ் பணத்தில் 2 கோடி டாலருக்கு மேற்பட்ட ஒரு தொகை அங்கே ஒரு ஜெர்மன் பாங்கின் கிளையில் இருந்தது. பிலிப்பைன்ஸ் தேசிய பாங்கு, மார்க்கோஸ் பணத்தை மறைத்து வைத்த அறக்கட்டளைகள், ஹவாயில் தீர்ப்பு வாங்கிய வதைபட்டவர்கள் ஆகிய எல்லாரும் உரிமை கேட்டார்கள். 2013 டிசம்பரில் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் பிலிப்பைன்ஸ் தேசிய பாங்குக்கே உரியது என்று முடித்தது. சட்டப்படி சரியாகவே இருக்கலாம். வதைபட்டவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள் என்பதும் உண்மை.

ஈராக் கதை வேறு வகை. 1990 ஆகஸ்டில் குவைத்துக்குள் படை புகுந்த அன்றே அமெரிக்கா ஈராக்கின் சொத்துகளை முடக்கிற்று. 2003 மார்ச் 20-ஆம் நாள், யுத்தம் தொடங்கிய வேளையில், அதிபர் புஷ் ஒரு கையெழுத்தில் ஏறக்குறைய 170 கோடி டாலரைப் பறிமுதல் செய்தார். 17 ஆண்டு வழக்கு இல்லை, ஒரே நாள். மே மாதம் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை, சதாம் அரசின் சொத்து எந்த நாட்டில் இருந்தாலும் ஈராக் வளர்ச்சி நிதிக்கு மாற்ற வேண்டும் என்று தீர்மானம் போட்டது. பறிமுதலான பணத்தில் பெரும்பகுதி ஈராக்கிய அரசு ஊழியர்களின் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் போயிற்று. இதை நாம் ஒப்புக்கொள்கிறோம். சம்பளம்தான் முதற்கடன் என்பது நம் நெடுநாளைய வாதம். தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலத்தில் நம் சங்கத்தார் தொண்டை வறளச் சொன்னதும் அதுதான்.

ஆனால் அதே வளர்ச்சி நிதியில், முக்கியமாக எண்ணெய் விற்ற பணத்தில், 880 கோடி டாலருக்குச் சரியான கணக்கு வைக்கவில்லை என்று அமெரிக்காவின் சொந்தத் தணிக்கை அதிகாரியே 2005 ஜனவரியில் எழுதினார். இன்னும் கேளுங்கள். அரசாங்கத் தொழில்களில் சங்கம் வைக்கக்கூடாது என்று 1987-இல் சதாம் போட்ட சட்டம் ஒன்று இருந்தது. சதாமின் சொத்தைப் பறித்தவர்கள் அந்தச் சட்டத்தை மட்டும் அப்படியே வைத்துக் கொண்டார்கள். 2005 ஆகஸ்டில் ஈராக்கிய அரசாங்கம் தொழிற்சங்கங்களின் பணத்தையே தன் பிடிக்குள் கொண்டு வர ஆணை போட்டது. கொடுங்கோலனின் பாங்குக் கணக்கில் பழகிய கை, தொழிலாளியின் சந்தாப் பெட்டி வரை நீண்டது. 1948 ஜூனில் மலாயாவில் சங்கங்களின் சம்மேளனம் கலைக்கப்பட்ட கதையைப் பெரியவர்கள் வாயால் கேட்டவர்களுக்கு இது புதிதாக இராது. முடக்கும் அதிகாரம் கூர்மையான கத்தி. அது வேண்டும், ஆனால் நீதிமன்றத்தின் உறைக்குள் இருக்க வேண்டும்.

இப்போது நம் வீட்டுக் கணக்கு.

1941 ஜூலை 26-ஆம் நாள் அமெரிக்காவும் பிரிட்டனும் ஜப்பானின் சொத்துகளை முடக்கின. அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கினார்கள். அடுத்து வந்ததை நாம் விவரிக்க வேண்டியதில்லை. சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட, மலாயாவிலிருந்து 70 ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளரைக் கொண்டு போனார்கள். பெரும்பாலோர் நம் தோட்டத்துத் தமிழர். பிரட்டுக் களத்தில் நின்றவர்களை லாரியில் ஏற்றிக் கொண்டு போனார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் மடிந்தார்கள். பிரிட்டிஷ் கணக்கில் ஏறிய மலாயாத் தொழிலாளர் சாவுகள் மட்டும் 29 ஆயிரத்துக்கு மேல். காட்டுக்குள் ஓடிப் போய் எங்கே செத்தார் என்று தெரியாதவர்கள் எத்தனை பேர் என்று எந்த ஏடும் சொல்லாது.

யுத்தம் முடிந்தது. ஜப்பானிய ஏகாதிபத்திய ஆட்சி போயிற்று. 1951 செப்டம்பரில் சான்பிரான்சிஸ்கோவில் சமாதான உடன்படிக்கை எழுதினார்கள். அதன் 14-ஆம் பிரிவு, தங்கள் எல்லைக்குள் இருந்த ஜப்பானியச் சொத்தை நேசநாடுகள் எடுத்து விற்றுக்கொள்ள உரிமை தந்தது. 16-ஆம் பிரிவு, நடுநிலை நாடுகளிலும் ஜப்பானோடு சேர்ந்து போரிட்ட நாடுகளிலும் இருந்த ஜப்பானியச் சொத்தை, அல்லது அதற்கு ஈடான தொகையை, செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் கொடுக்கச் சொன்னது. யாருக்கு? கைதியாகித் துன்பப்பட்ட நேசநாட்டுப் படைவீரர்களுக்கு. பிரிட்டிஷ் சிப்பாய் ஒருவருக்கு எல்லாமாகச் சேர்த்து 76 பவுன் 10 ஷில்லிங் கிடைத்தது. அவர்களும் அதைப் பிச்சைக்காசு என்றுதான் சொன்னார்கள், சொன்னது நியாயமே.

சிப்பாய் வெட்டிய அதே மண்ணை வெட்டி, அதே பாலத்துக்குக் கட்டை சுமந்து, அதே காலராவில் செத்த பால்வெட்டுக்காரன் படைவீரன் அல்லன். ஆகையால் அந்தப் பிரிவில் அவனுக்கு இடமில்லை. உடன்படிக்கையை எழுதியவர்கள் அவனை வேண்டுமென்றே விலக்கினார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. நினைத்துப் பார்க்கவே இல்லை. மேசையில் அவனுக்காக வாய் திறக்க யாரும் இல்லை. 1967-இல் ஜப்பான் மலேசியாவுடன் ஓர் ஒப்பந்தம் செய்து 2 கோடியே 50 லட்சம் வெள்ளி மதிப்புக்குக் கொடுத்தது. அது சரக்குக் கப்பல்களாக வந்தது. கப்பல் நாட்டுக்கு உபயோகமானதுதான். சயாமிலிருந்து காலில் ஆறாத புண்ணோடு திரும்பி லயத்தில் கிடந்த கிழவருக்குக் கப்பலால் என்ன?

ஆகவேதான் இந்த விஷயத்தைத் தொழிலாளர் பத்திரிகையில் எழுதுகிறோம். நம் நாட்டிலிருந்து திருடப்பட்ட பணத்தில் ஒரு பகுதியை 2019 முதல் அமெரிக்கா திருப்பித் தந்ததும் நமக்குத் தெரியும். திருட்டுப் பணம் வந்து தங்கும் இடமாக நம் வட்டாரமும் இருக்கிறது என்பதும் தெரியும். மலேசியாவும் சிங்கப்பூரும் நாளை எந்த நாட்டு ஆட்சியின் சொத்தை முடக்கினாலும், அது வெறும் ராஜதந்திரச் சமாசாரம் என்று சங்கங்கள் வாளா இருக்கக்கூடாது. யாருடைய சம்பளத்திலிருந்து, யாருடைய விளைச்சலிலிருந்து அந்தப் பணம் சேர்ந்தது என்று கேட்க வேண்டும். அவர்கள் பங்கைத் தீர்ப்பிலேயே எழுதச் சொல்ல வேண்டும். அரசாங்கத்திடம் கொடுத்து, அரசாங்கம் பார்த்துக் கொடுக்கட்டும் என்று விடுவதன் பலனைத் தென்னந்தோப்பில் கண்டோம்.

கிராணிமார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பிலிப்பைன்ஸ் குடியானவனிடம் ரசீது இல்லை. சயாமுக்குப் போனவர்களின் பிள்ளைகளிடமும் காட்டுவதற்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை. ஆனால் பழைய தோட்டங்களில் 1942, 1943-ஆம் ஆண்டுச் செக்ரோல்கள் எங்காவது மிஞ்சியிருக்கலாம். பெயருக்கு எதிரே வருகைப் புள்ளி திடீரென்று நின்றுபோன ஏடுகள் அவை. தோட்டம் கைமாறும்போதும், பால்மரம் போய்ச் செம்பனை வரும்போதும், ஆபீஸைச் சுத்தம் செய்கிறோம் என்று இவற்றை அள்ளிப் போட்டுக் கொளுத்துகிறார்கள். அப்படி ஏதேனும் உங்கள் ஆபீஸ் அலமாரியில், ஸ்டோர் பரணில், பழைய கிராணி வீட்டுப் பெட்டியில் கிடந்தால் எறிய வேண்டாம். நிர்வாகத்தின் அனுமதி பெற்று, சங்கக் கிளைச் செயலாளருக்குத் தெரிவித்து, கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேரும்படி செய்யுங்கள். கரையான் அரித்த ஏடாக இருந்தாலும் பரவாயில்லை, பெயர் தெரிந்தால் போதும்.